மலையகமும் இணைப்பகமும்: திறந்த மூல இணையத் தொலைபேசி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இலங்கையின் பெருந்தோட்ட வரலாற்றை ஆராய்ந்தோர் நிலம், கூலி, குடியுரிமை ஆகிய மூன்றினையும் விரிவாக நோக்கியுள்ளனர். செய்தித் தொடர்பு என்பது அவ்வாய்வுகளில் பெரும்பாலும் ஓரிரு வரிகளோடு அமைந்துவிடுகின்றது. யாருடைய குரல் எவ்வழியே சென்றது, அவ்வழியினை உடைமையாகக் கொண்டிருந்தோர் யாவர், கேட்கும் உரிமை யாருக்கு இருந்தது என்னும் வினாக்கள் சமுதாய வரலாற்றின் அடிப்படை வினாக்களேயாம். நுவரெலியா, ஹட்டன் பகுதிகளை நடுவாக வைத்து இவ்வினாக்களை எழுப்புவதும், கணினிப் பயனர் குழுக்கள் தாமே கற்றுச் சோதித்த திறந்த மூல இணையத் தொலைபேசி அவற்றுக்கு எவ்வகை விடையினை முன்வைத்தது என்று காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கு வழங்கும் மூன்று சொற்களை முதலில் வரையறுத்துக் கொள்வோம். இணைப்பகம் என்பது ஒரு தொலைபேசியை மற்றொரு தொலைபேசியோடு தொடுக்கும் பொறி. எவர் எவரோடு பேசலாம் என்பதனையும் அதற்கு எவ்வளவு செலுத்த வேண்டும் என்பதனையும் முடிவு செய்யும் இடமும் அதுவே. இணையத் தொலைபேசி என்பது குரலை எண்களாக்கி, சிறு பொதிகளாகப் பகுத்து, இணைய வழியே அனுப்பி, மறுமுனையில் மீண்டும் ஒலியாக்கும் முறை. திறந்த மூல மென்பொருள் என்பது தனது மூலநிரலை எவரும் படிக்கவும், மாற்றவும், பகிரவும் உரிமை அளிப்பது. இம்மூன்றும் ஒன்று சேர்ந்தபோது இணைப்பகம் என்பது அரசினதோ பெருநிறுவனத்தினதோ கட்டடத்தை விட்டு ஒரு சாதாரணக் கணினிக்குள் புகுந்தது. இம்மாற்றத்தின் பொருள் மலையகத்துக்கு யாது என்பதே நமது வினா.

தோட்டத்தில் குரலின் வழிகள்

1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையை வணிகப் பயிராக நட்டதும், அதனை அடுத்துக் கோப்பிச் செடிகள் இலைநோயால் அழிந்ததும் யாவரும் அறிந்தவை. புகையிரதப் பாதை 1884 இல் ஹட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் எட்டியது. பாதையோடு தந்தியும் மலையேறியது. கொழும்பில் 1880 ஆம் ஆண்டளவில் தொலைபேசி அறிமுகமாயிற்று. பின்னர் அது தோட்டங்களுக்கு வந்தபோது எங்கே வைக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. துரையின் பங்களா, தோட்டத்துக் காரியாலயம், தேயிலைத் தொழிற்சாலை ஆகியவையே அதற்குரிய இடங்களாயின. லயத்துக்கு அது வரவில்லை.

லயத்துக்கு வந்த ஒலிகள் வேறு. விடியுமுன் தப்பு முழங்கிற்று, கொம்பு ஊதிற்று, பிரட்டுக்களத்தில் பெயர் அழைக்கப்பட்டது. இவை யாவும் ஒருவழிச் செய்திகள். மேலிருந்து கீழே கட்டளை இறங்கியது. கீழிருந்து மேலே செல்ல வேண்டிய சொல் கங்காணி, கணக்கப்பிள்ளை, சின்னத்துரை என்னும் படிகளில் ஏறியாக வேண்டும். கடிதமும் அத்தகையதே. தொழிலாளிக்கு வந்த கடிதம் தோட்டத்துக் காரியாலயத்தினூடாகவே அவன் கையை அடைந்தது. தோட்டம் தனியார் நிலம் என்பதனால், வெளியார் உட்புகுந்து தொழிலாளரோடு பேசுவதே அத்துமீறலாகக் கருதப்பட்ட காலம் அது.

இந்த ஒருவழி ஒழுங்கினை உடைக்க முனைந்தோருள் கோ. நடேசய்யர் முதன்மையானவர். பத்திரிகை, துண்டுப்பிரசுரம், மேடைப்பேச்சு ஆகியவற்றை அவர் கருவிகளாகக் கொண்டார். 1931 இல் ஹட்டனை மையமாகக் கொண்டு அவர் அமைத்த தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தோட்ட எல்லைக்கு வெளியே ஒரு பேச்சுத்தளத்தை உருவாக்கியது. அவருடைய துணைவியார் மீனாட்சியம்மையார் தாமே இயற்றிய பாடல்களைத் தொழிலாளர் நடுவே பாடினார். எழுத்தறிவு அரிதாயிருந்த சமுதாயத்தில் குரலே முதன்மை ஊடகம் என்பதனை இவ்விருவரும் நன்கறிந்திருந்தனர் என்று கொள்ளலாம்.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தமும் மலையகக் குடும்பங்களைக் கடலின் இரு கரைகளிலும் பிரித்து வைத்தன. அவ்வொப்பந்தப்படி 525,000 பேரை இந்தியா ஏற்கவும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கவும் இணக்கம் காணப்பட்டது; எஞ்சிய 150,000 பேரைப் பற்றி 1974 இல் முடிவாயிற்று. சென்றோருள் ஒரு பகுதியினர் நீலகிரியில், 1968 இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தனர். அண்ணன் கூடலூரிலும் தங்கை மஸ்கெலியாவிலும் என்று பிரிந்த குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு கடிதங்களே உறவுப் பாலமாயின. பிற்காலத்தில் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்ற தாய்மாரின் பிரிவும் இதனோடு சேர்ந்தது. ஆகவே தொலைதூரக் குரல் என்பது மலையகத்தில் ஆடம்பரப் பொருளன்று. சட்டத்தாலும் வறுமையாலும் பிளவுண்ட குடும்பத்தை ஒன்றாக வைத்திருக்கும் தேவையாகும்.

சட்டமும் கட்டணமும்

இலங்கையில் தொலைத்தொடர்பு நெடுங்காலம் அரச திணைக்களத்தின் கையில் இருந்தது. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டம் இந்நிலையை மாற்றத் தொடங்கியது. 1996 இல் அச்சட்டம் திருத்தப்பட்டுத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு நிறுவப்பட்டது. அதே ஆண்டில் சன்டெல், லங்கா பெல் ஆகிய நிறுவனங்கள் கம்பியில்லாத் தொலைபேசிச் சேவைக்கு உரிமம் பெற்றன. 1997 ஓகஸ்ட் மாதம் ஸ்ரீ லங்கா ரெலிகொம் நிறுவனத்தின் 35 சதவீதப் பங்குகள் ஜப்பானின் என்.ரி.ரி. நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. வெளிநாட்டு அழைப்புகளில் அந்நிறுவனத்துக்கிருந்த தனியுரிமை 2002 ஓகஸ்ட் வரை நீடித்தது. 2003 இல் வேறு பல நிறுவனங்களுக்கு வெளிநாட்டு வாயில் உரிமங்கள் வழங்கப்பட்ட பின்னரே கட்டணங்கள் விரைந்து சரிந்தன.

இவ்வாண்டுகளை நாம் ஈண்டு வரிசைப்படுத்தியதற்குக் காரணம் உண்டு. இணையத் தொலைபேசி உலகில் பரவிய காலமும் இத்தனியுரிமைக் காலமும் ஒன்றோடொன்று பொருந்தின. இணைய வழியாக ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குப் பேசுவது ஒன்று; அவ்வழியே வந்த குரலை உள்ளூர்த் தொலைபேசி வலையமைப்பில் இறக்குவது மற்றொன்று. பின்னையது உரிமமின்றிச் செய்யப்படின் சட்டமீறலாகும். இந்தியாவிலும் இதனையொத்த நிலையே இருந்தது. அங்கு 2002 ஏப்ரல் 1 முதலே இணையத் தொலைபேசிக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் உள்நாட்டுத் தொலைபேசிகளோடு தொடுக்கக் கூடாது என்னும் வரம்புடனேயே கிடைத்தது. தொழில்நுட்பம் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தும் சட்டம் அதற்கு வேலியிட்டது. ஆதலின் தெற்காசியப் பயனர் குழுக்களின் முயற்சிகள் பெரும்பாலும் ஒரு கட்டடத்துள், ஒரு வளாகத்துள், அல்லது கணினிக்கும் கணினிக்கும் இடையே நின்றுவிட்டமை வியப்பன்று.

கணினி இணைப்பகமான வரலாறு

பொதிகள் வழியே குரலை அனுப்பும் எண்ணம் பழையது. அமெரிக்காவின் ஆர்ப்பாநெற் வலையமைப்பில் 1974 இல் டானி கோஹென் முதலியோர் இதனைச் செய்து காட்டினர். அதற்கான நெறிமுறை 1977 இல் வெளியிடப்பட்டது. 1995 இல் இஸ்ரேலின் வோக்கல்ரெக் நிறுவனம் வீட்டுக் கணினிக்கான இணையத் தொலைபேசி மென்பொருளை விற்பனைக்கு விட்டது. 1996 இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் எச்.323 என்னும் தரத்தை வகுத்தது. 1999 இல் அதனினும் எளிய சிப் நெறிமுறை வெளிவந்தது. 2002 இல் அது திருத்தி விரிவாக்கப்பட்டது. தரம் யாவருக்கும் பொதுவாக வெளியிடப்பட்டமையால், அதனைப் பின்பற்றும் மென்பொருளை எவரும் எழுத வழி பிறந்தது.

1999 இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மாணவராயிருந்த மார்க் ஸ்பென்சர் லினக்ஸ் உதவிச் சேவை நிறுவனமொன்றைத் தொடங்கினார். அலுவலகத்துக்கு ஓர் உள்ளிணைப்பகம் தேவைப்பட்டது. அதனை வாங்கும் பணம் அவரிடம் இருக்கவில்லை. எனவே தாமே ஒன்றை நிரலாக எழுதினார். அதுவே அஸ்டரிஸ்க். ஜிம் டிக்சன் என்பவர் தொலைபேசிக் கம்பிகளைக் கணினியோடு நேரே பொருத்தும் அட்டையின் வடிவமைப்பைத் திறந்து வைத்திருந்தார். இரண்டும் இணைந்தபோது பெரும் விலை கொடுத்து வாங்க வேண்டிய பொறியின் வேலையைப் பழைய கணினியொன்று செய்யலாயிற்று. அஸ்டரிஸ்கின் 1.0 பதிப்பு 2004 இல் வெளிவந்தது. 2006 இல் ஃப்ரீசுவிட்ச் என்னும் மற்றோர் இணைப்பக மென்பொருளும் தோன்றியது. ஐரோப்பாவில் ஜினோம்மீட்டிங், பின்னாளில் எக்கிகா எனப் பெயர் மாறிய மென்பொருள், லினக்ஸ் கணினிகளில் பேசவும் காணவும் உதவிற்று.

இவ்வரலாற்றில் ஒரு பொதுத்தன்மை காணப்படுகின்றது. பணமில்லாமையே இம்முயற்சிகள் பலவற்றின் தோற்றுவாய். மூலநிரலைத் திறந்து வைத்தமையால் ஒருவருடைய தேவைக்காக எழுதப்பட்டது பிறருடைய தேவைக்கும் உரியதாயிற்று. மேலைநாட்டு மாணவர் ஒருவரின் அலுவலகத் தேவை, ஆபிரிக்கச் சிற்றூரின் செய்திச் சேவைக்கும் ஆசிய நாட்டின் இடர் எச்சரிக்கைக்கும் அடித்தளமானமையைக் கீழே காண்போம்.

ஒரு கம்பியில் எத்தனை குரல்

இத்தொழில்நுட்பம் மலைநாட்டின் மெலிந்த இணைப்புகளுக்குப் பொருந்துமா என்பதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். எண்முறைத் தொலைபேசியில் குரல் நொடிக்கு 8,000 முறை அளக்கப்படுகின்றது. ஒவ்வோர் அளவும் 8 பிட் கொண்டது. ஆகவே ஒரு குரலுக்கு நொடிக்கு 64,000 பிட் வேண்டும். அக்காலக் குத்தகை இணைப்புகளின் அடிப்படை அலகான 64 கிலோபிட் என்னும் அளவு இதிலிருந்தே பிறந்தது.

இதே குரலைப் பொதிகளாக்கும்போது 20 மில்லிநொடிக்கு ஒன்றாக நொடிக்கு 50 பொதிகள் புறப்படுகின்றன. ஒவ்வொரு பொதிக்கும் முகவரி முதலிய விவரங்களுக்காக 40 பைட், அதாவது 320 பிட், கூடுதலாகச் செலவாகின்றது. ஆக நொடிக்கு 16,000 பிட் முகவரிக்கே போய்விடும். மொத்தம் 80 கிலோபிட். எனவே பழைய முறையில் ஓர் அழைப்பைத் தாங்கிய 64 கிலோபிட் இணைப்பு, பொதி முறையில் அந்த ஓர் அழைப்பையும் தாங்காது. ஆயின் குரலைச் சுருக்கும் ஒலிக்குறிமுறையைப் பயன்படுத்தினால் நிலைமை மாறுகின்றது. கைத்தொலைபேசிகளில் வழங்கிய ஜி.எஸ்.எம். குறிமுறைக்கு 13 கிலோபிட் போதும். முகவரிச் செலவோடு 29 கிலோபிட். அதே இணைப்பில் இப்போது இரண்டு அழைப்புகள் செல்லும்.

ஒலிச்சுருக்கத்திலும் உரிமைப் பிரச்சினை இருந்தது. 8 கிலோபிட்டில் நல்ல குரல் தந்த ஜி.729 என்னும் குறிமுறை காப்புரிமைக்கு உட்பட்டது. ஒவ்வோர் அழைப்பு வழிக்கும் பணம் கட்ட வேண்டியிருந்தது. இதற்கு மாற்றாக ஜோன்-மார்க் வலின் என்பார் ஸ்பீக்ஸ் என்னும் கட்டற்ற குறிமுறையை உருவாக்கினார். அதன் வழித்தோன்றலான ஒபஸ் 2012 இல் இணையத் தரமாக ஏற்கப்பட்டது. மெலிந்த கம்பியை உடைய ஊர்களுக்கு இம்மாற்றம் எவ்வளவு பெரிது என்பது மேற்கண்ட கணக்கால் விளங்கும்.

பயனர் குழுக்களும் கொத்மலை முயற்சியும்

திறந்த மூல மென்பொருள் இலங்கைக்கு நிறுவனங்கள் வாயிலாக மட்டும் வரவில்லை. பயனர் குழுக்கள் வாயிலாகவும் வந்தது. கூடிப் பேசி, குறுந்தகடுகளைக் கைமாற்றி, ஒருவருடைய கணினியை மற்றவர் சீர்செய்து கற்ற குழுக்கள் இவை. லங்கா லினக்ஸ் பயனர் குழு இவற்றுள் குறிப்பிடத்தக்கது. இதே காலத்தில் பல நாடுகளில் வாழ்ந்த தமிழார்வலர்கள் லினக்ஸ் மேசைச்சூழலைத் தமிழாக்கினர். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை தாக்கியபோது, இலங்கையின் திறந்த மூலத் தொண்டர்கள் சில நாள்களுக்குள்ளேயே சகானா என்னும் இடர் முகாமைத்துவ மென்பொருளை உருவாக்கினர். 2006 ஆம் ஆண்டுக்குரிய சமூகநல விருதினைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. ஊதியம் பெறாத பயனர் குழுவொன்று நாட்டின் நெருக்கடி வேளையில் எதனைச் சாதிக்கலாம் என்பதற்கு இது சான்றாகும்.

நுவரெலியா மாவட்டத்தைப் பொறுத்தவரை, கருவிகளுக்கும் மக்களுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் குறைக்க முயன்ற முன்னோடி முயற்சி கொத்மலைச் சமூக வானொலியினது. மகாவலி அபிவிருத்தியை ஒட்டி எழுந்த அந்நிலையத்தில் 1990களின் இறுதியில் யுனெஸ்கோ உதவியுடன் இணையத் திட்டமொன்று ஆரம்பிக்கப்பட்டது. கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் பொதுமக்களுக்கு இணைய வசதி ஏற்படுத்தப்பட்டது. நேயர்கள் கேள்விகளை அனுப்புவர். அறிவிப்பாளர் துறை அறிந்தவரோடு இருந்து இணையத்தில் விடை தேடி, அதனை வானொலியில் எடுத்துரைப்பார். கணினி இல்லாதவனுக்கும் வாசிக்க அறியாதவனுக்கும் இணையத்தின் பயன் குரல் வழியே கிட்டியது.

கொத்மலை முயற்சி இணையத் தொலைபேசியன்று. எனினும் அதன் தத்துவம் நமது பொருளுக்கு மிக அண்மையது. இணையத்தையும் குரலையும் இணைத்தது. விலையுயர்ந்த இணைப்பொன்றைப் பலருக்குப் பொதுவாக்கியது. அதன் குறையும் நமக்குப் பாடமாகும். சூழவுள்ள தோட்டங்களில் தமிழர் பெருந்தொகையாக வாழ்ந்தும், அந்நிலையத்தின் முதன்மை மொழி சிங்களமாகவே இருந்தது. 2012 ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி நுவரெலியா மாவட்டத்தின் 711,644 பேருள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியத் தமிழர் என்னும் வகையில் அடங்கியோர். பின்னர் 2005 முதல் அரசு அமைத்த நெனசல எனப்படும் அறிவகங்கள் மலைநாட்டுக்கும் வந்தன. ஆயினும் கருவி வந்துவிட்டால் மட்டும் குரல் வந்துவிடாது. அக்கருவி எம்மொழியில் பேசுகின்றது என்பதும் நோக்கப்பட வேண்டும்.

இயந்திரம் தமிழ் எண்ணக் கற்றல்

இவ்விடத்தில் மொழியியல் சார்ந்த ஒரு செய்தியை நோக்குதல் பொருத்தமாகும். தானியங்கி இணைப்பகம் அழைப்போருக்கு எண்களைச் சொல்ல வேண்டும். மீதிப்பணம், நேரம், மழைவீழ்ச்சி, கொழுந்து நிறை எல்லாம் எண்களே. அஸ்டரிஸ்க் போன்ற மென்பொருள் முன்னரே பதிவு செய்த சிறு ஒலித்துண்டுகளைக் கோத்து எண்ணைச் சொல்லுகின்றது. ஆங்கிலத்தில் 1 முதல் 999 வரை சொல்ல 28 துண்டுகள் போதும்: ஒன்று முதல் பத்தொன்பது வரை பத்தொன்பது, இருபது முதல் தொண்ணூறு வரை எட்டு, நூறு என்பதற்கு ஒன்று. அங்கே எண்ணுப்பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வடிவு மாறாமல் நிற்கின்றன.

தமிழில் அவ்வாறன்று. இருபதும் ஐந்தும் சேர்ந்தால் இருபத்தைந்து. நூறும் இருபதும் சேர்ந்தால் நூற்றிருபது. தொண்ணூறும் தொள்ளாயிரமும் எண்பது, எண்ணூறு என்னும் வரிசையினின்று விலகி நிற்பவை. இத்தகைய எண்ணுப்பெயர்ப் புணர்ச்சிக்கெனத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துக் குற்றியலுகரப் புணரியலில் விதிகள் வகுத்தமை தமிழ் பயின்றோர் அறிவர். அவ்விதிகளைப் புறக்கணித்து இருபது – ஐந்து என்று துண்டு துண்டாக இயந்திரம் உரைத்தால் கேட்போர் அதனை இரண்டு எண்களாகக் கொள்ள இடமுண்டு.

இதற்குத் தீர்வு காண்பது கடினமன்று. 1 முதல் 99 வரையுள்ள எண்களை முழுமையாகப் பதிவு செய்து, நூறு முதல் தொள்ளாயிரம் வரையுள்ள ஒன்பதையும் இறுதி வடிவிலும், நூற்று, இருநூற்று, தொள்ளாயிரத்து என்னும் தொடர் வடிவிலும் பதிவு செய்தால் மொத்தம் 117 துண்டுகளில் வேலை முடிந்துவிடும். நூற்றைக் கடந்த எண்களில் சிறிது இடைவெளி கேட்கும். ஆயின் பொருள் மயங்காது. மூலநிரல் திறந்திருப்பதால் இவ்விதியை ஒரு மாணவர் ஓரிரு நாள்களில் எழுதிச் சேர்க்கலாம். மூடிய பொறியாயின் உற்பத்தியாளரின் தயவை வேண்டி நிற்க நேரும். மொழியுரிமை என்பது சில வேளைகளில் மூலநிரலைத் திருத்தும் உரிமையாக உருக்கொள்ளுகின்றது என்பதனை இச்சிறு எடுத்துக்காட்டு உணர்த்தும்.

இடரும் எச்சரிக்கையும்

குரல் உரிய வேளையில் உரியவரை அடையாமையின் விளைவு மலையகத்தில் உயிரிழப்பாகவே முடிந்திருக்கின்றது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு ஏற்பட்டு லயங்கள் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை ஏட்டில் இருந்தது. மக்களை அவ்விடத்தினின்று அகற்றும் ஆற்றலாக அது மாறவில்லை. வீடும் நிலமும் இல்லாமையே இதற்கு முதற்காரணம் என்பதனை மறுப்பதற்கில்லை. எனினும் மக்களுடைய மொழியில் மக்களுடைய கைக்குச் சென்று, அவர்கள் மறுமொழி கூறவும் இடமளிக்கும் செய்திவழி இல்லாமையும் அக்குறையின் ஒரு கூறேயாம்.

இத்துறையில் இலங்கையில் நடந்த ஒரு சோதனை நினைவுகூரத்தக்கது. சிம்பாப்வேயின் ஹராரே நகரில் இயங்கிய குபத்தானா அமைப்பினர், வானொலி உரிமம் கிட்டாத சூழலில், தொலைபேசி வழியே செய்தி கேட்கவும் கருத்துப் பதியவும் உதவும் ஃப்ரீடம் ஃபோன் என்னும் திறந்த மூல மென்பொருளை ஆக்கினர். அது முதலில் அஸ்டரிஸ்கினையும் பின்னர் ஃப்ரீசுவிட்சினையும் அடித்தளமாகக் கொண்டது. லேர்ன் ஏசியா ஆய்வு நிறுவனமும் சர்வோதய இயக்கமும் 2010 ஐ அடுத்த ஆண்டுகளில் இதனை இடர்க்காலச் செய்திப் பரிமாற்றத்துக்குப் பயன்படுத்தலாமா என்று சோதித்தன. கிராம மட்டத் தொண்டர் தம் சாதாரணக் கைத்தொலைபேசியால் அழைத்து எச்சரிக்கையைக் கேட்கலாம். தாம் கண்டதைத் தம் மொழியில் பேசிப் பதியலாம். அழைப்பவரிடம் கணினியோ இணையமோ இருக்க வேண்டுவதில்லை. எழுத்தறிவும் தடையன்று. பதிவான குரலின் தெளிவும் ஆராயப்பட்டது. ஏனெனில் இடர்வேளையில் கேட்டும் விளங்காத குரல் கேட்காத குரலுக்கு ஒப்பாகும்.

இம்முறை நாடெங்கும் நிலைபெற்ற சேவையாகவில்லை. சோதனைக் காலம் முடிந்ததும் பராமரிப்போரும் செலவேற்போரும் வேண்டும். திறந்த மூலம் மென்பொருளின் விலையை நீக்கும்; மின்சாரத்தின் விலையையும் மனித உழைப்பின் விலையையும் அது நீக்காது. இடி மின்னல் மிகுந்த மலைநாட்டில் கருவி பழுதானால் அதனைச் சீர்செய்யும் ஆள் அருகில் இருத்தல் வேண்டும். மலைமுகடுகள் கம்பியில்லா இணைப்புக்கு ஒரு பக்கம் துணை; மறுபக்கம் தடை. ஒரு முகட்டிலிருந்து மறு முகட்டுக்கு நேர்க்கோட்டில் நெடுந்தூரம் அலை செல்லும். பள்ளத்தில் உள்ள லயத்துக்கோ அது இறங்காது. தமிழகத்தின் தேனிப் பகுதியில் அரவிந்த் கண் மருத்துவமனையினர், கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழக ஆய்வாளரோடு இணைந்து, மலிவான வைஃபை கருவிகளால் நெடுந்தூர இணைப்பு ஏற்படுத்தி, சிற்றூர்க் கண் நிலையங்களையும் மருத்துவரையும் பேசச் செய்தனர். அங்கு வெற்றி கிட்டியமைக்குக் கருவி மட்டும் காரணமன்று. அக்கருவியை நாள்தோறும் பேணும் நிறுவனம் ஒன்று இருந்ததும் காரணமாகும்.

கைத்தொலைபேசியின் வருகையும் எஞ்சிய வினாவும்

2000களின் பிற்பகுதியில் கைத்தொலைபேசி லயங்களை அடைந்தது. நூறாண்டு காலம் பங்களாவில் நின்ற தொலைபேசி சில ஆண்டுகளுக்குள் தொழிலாளியின் கைக்கு வந்தது. அடுத்து வாட்ஸ்அப் முதலிய செயலிகள் வெளிநாட்டு அழைப்பின் கட்டணத்தை ஏறக்குறைய இல்லாமற் செய்துவிட்டன. குவைத்திலிருக்கும் தாய் தலவாக்கலையிலிருக்கும் பிள்ளையின் முகத்தை நாள்தோறும் காண முடிகின்றது. இது பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. இந்நிலையில், பயனர் குழுக்களின் பழைய முயற்சிகள் பொருளற்றுப் போயினவோ என்று சிலர் வினவலாம்.

அவ்வாறு கருதுவதற்கில்லை. முதலாவதாக, இச்செயலிகளுக்குள் ஓடும் ஒலிக்குறிமுறைகளும் நெறிமுறைகளும் பெரும்பாலும் திறந்த மூல முயற்சிகளின் பயனே. இரண்டாவதாக, மூடிய சேவை அதன் உரிமையாளர் விரும்பும் வரையே வாழும். 2003 இல் தொடங்கிய ஸ்கைப் உலகின் பெரும்பகுதிக்கு இணையத் தொலைபேசியின் மறுபெயராயிருந்தது. 2025 மே மாதத்தில் அது மூடப்பட்டது. 1999 இல் தோன்றிய அஸ்டரிஸ்க் இன்றும் பேணப்பட்டு வருகின்றது. மூன்றாவதாக, 2025 நவம்பர் இறுதியில் தித்வா சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைநாட்டு மாவட்டங்களில் மண்சரிவுகளால் வீதிகளும் மின்சாரமும் தொலைத்தொடர்பும் ஒருசேரத் துண்டிக்கப்பட்டன. தொலைவிலுள்ள இணைப்பகத்தை முற்றாக நம்பியிருந்த தோட்டங்கள் அவ்வேளையில் தம்முள்ளேயே பேசிக்கொள்ளவும் வழியின்றி நின்றன. தொழிற்சாலை மேட்டில் மின்கலத்தால் இயங்கும் சிறு கணினியொன்றும், பிரிவுக்கு ஒரு கம்பியில்லாக் கருவியும் இருந்திருப்பின், வெளியுலகத் தொடர்பு அறுந்த நிலையிலும் மேற்பிரிவும் கீழ்ப்பிரிவும் பேசிக்கொள்ள இயன்றிருக்கும். இதற்கு வேண்டிய மென்பொருள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இலவசமாகக் கிடைத்து வருகின்றது என்பதே நாம் சிந்திக்க வேண்டியது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. மலையகத்தில் செய்தித் தொடர்பு தொடக்கம் முதலே உடைமையோடும் அதிகாரத்தோடும் பிணைந்திருந்தது. தொலைபேசி அவ்வொழுங்கை மாற்றவில்லை, அதனையே பின்பற்றியது. திறந்த மூல இணையத் தொலைபேசி இணைப்பகத்தின் உடைமையைப் பகிரும் வாய்ப்பை முதன்முறையாக ஏற்படுத்தியது. ஆயின் சட்டம், மொழி, பராமரிப்பு ஆகிய மூன்று வாயில்களிலும் அது தடைப்பட்டது. கைத்தொலைபேசி குரலைப் பரவலாக்கியது. இணைப்பகத்தின் உடைமையை அது பரவலாக்கவில்லை.

இவ்வாயில்களுள் சட்டத்தை மாற்றுவது நமது ஆற்றலுக்கு அப்பாற்பட்டதாக இருக்கலாம். பராமரிப்புக்குத் தோட்ட நிருவாகம், தொழிற்சங்கம், உள்ளூராட்சி மன்றம் ஆகியவை ஒத்துழைக்க வேண்டும். மொழி என்னும் வாயிலோ பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் கைக்கெட்டிய தூரத்தில் உள்ளது. தமிழ் எண்ணுப்பெயர்களையும், எச்சரிக்கைத் தொடர்களையும், மலையக ஊர்களினதும் தோட்டப் பிரிவுகளினதும் பெயர்களையும் மலையக வழக்கில் தெளிவாகப் பதிவு செய்து யாவருக்கும் பொதுவாக்குதல் ஒரு கல்வியாண்டுக்குள் முடிக்கத்தக்க பணி. ஊர்ப்பெயர்களைத் தோட்ட மக்கள் வழங்கும் வடிவிலேயே தொகுத்தல் மொழியாய்வுக்கும் பெரிதும் பயன்படும். கணினித் துறை மாணவரும் தமிழ்த்துறை மாணவரும் ஒரு மேசையில் அமர்ந்து செய்ய வேண்டிய பணி இது.

பிரட்டுக்களத்தில் பெயர் அழைக்கப்படக் காத்து நின்ற சமுதாயம், தான் அழைக்கவும் தன் அழைப்புக்கு மறுமொழி பெறவும் உரிமையுடையது. அவ்வுரிமைக்கு வேண்டிய கருவியை உலகின் பல மூலைகளிலிருந்த பயனர் குழுக்கள் ஆக்கித் திறந்து வைத்துள்ளன. அதற்குத் தமிழ்க் குரலை ஊட்டும் பொறுப்பு நம்முடையது.